மூளையின் கதவைத் தட்டும் குமிழிகள்

வாட்ச், சாவிக்கொத்து, பெல்ட் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள், சீக்கிரம்! நாம் எட்டிப் பார்க்கப்போவது எம்.ஆர்.ஐ. அறைக்குள். ஊர் டொராண்டோ, சன்னிபுரூக் மருத்துவமனை. 2015 நவம்பர்.

மேசையில் படுத்திருப்பவருக்கு மூளைக்கட்டி. மொட்டையடித்த தலையைப் பெரிய கிண்ணம் போன்ற தலைக்கவசம் மூடியிருக்கிறது. அதன் உட்புறத்தில் அல்ட்ராசவுண்ட் அனுப்பும் துண்டுகள் 1,024! தலைக்கும் கவசத்துக்கும் நடுவே குளிர்ந்த நீர். ஆள் விழித்துத்தான் இருக்கிறார். மண்டையோட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

எதற்கு இவ்வளவு ஏற்பாடு? மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பாருங்கள், புரியும். சுவரின் செல்கள் இழை இழையாகத் தைத்ததுபோல ஒட்டி நிற்கின்றன. ரத்தத்தில் வரும் மருந்துகளில் பெரும்பாலானவை உள்ளே போக முடியாது. தப்பித் தவறி நுழைந்தவற்றையும் பிடித்து ரத்தத்துக்கே திருப்பியனுப்பச் சுவரில் புரதப் பம்புகள் உண்டு. ரத்த-மூளைத் தடுப்பு என்பது இதுதான். நம்மைக் காக்கும் காவல்.

கிளியோபிளாஸ்டோமா என்ற கட்டி இந்தக் காவலோடு நடத்தும் விளையாட்டுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கட்டியின் நடுப்பகுதி, தனக்கு ரத்தம் வேண்டுமென்று புதுக் குழாய்களை அவசர அவசரமாக முளைக்க வைக்கிறது. அவை ஒழுகும். ஸ்கேனுக்கு முன் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து அங்கே கசிவதால் படத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிகிறது. அறுவைசிகிச்சையில் அந்த வளையத்தை எடுத்துவிடலாம். ஆனால் கட்டியின் செல்கள் அதற்கு முன்பே ரத்தக்குழாய்களைப் பிடித்துக்கொண்டு வெளியே ஊர்ந்துவிட்டன! அங்கே தடுப்புச் சுவர் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. பூட்டை உடைத்த திருடன், பூட்டு உடையாத பக்கத்து அறையில் போய்ப் பதுங்குகிறான். கீமோ மருந்து வாசலிலேயே நின்றுவிடுகிறது.

சரி, இப்போது மேசையில் இருப்பவரின் கையை உற்றுப் பாருங்கள். ரத்தக்குழாய் வழியாக நுண்குமிழிகள் ஏறுகின்றன. சிவப்பணுவைவிடச் சிறியவை. 1,024 திசைகளிலிருந்து வரும் ஒலி, கட்டியின் ஓரத்தில் குறித்த இடத்தில் வந்து கூடுகிறது. நொடிக்கு 2,20,000 அதிர்வுகள்! அந்த ஒலிக்கு ஏற்பக் குமிழிகள் விரிந்து சுருங்க, செல்களின் தையல் மெல்ல நெகிழ்கிறது. ஒலியின் வலிமை மிஞ்சினால் குமிழி வெடித்துக் குழாய் கிழியும். அதனால் குமிழிகள் திருப்பி எழுப்பும் ஒலியைக் கருவி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஐயோ, என்ன அழகு!

இதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் இயற்பியலாளர் குல்லெர்வோ ஹைனினென். குமிழியும் ஒலியும் சேர்ந்தால் முயலின் மூளைத் தடுப்பு திறக்கும் என்று அவர் குழு 2001இலேயே காட்டியது. மனிதரிடம் வந்து சேர 14 ஆண்டுகள். டொராண்டோ சோதனையை நடத்தியவர் நரம்பு அறுவைசிகிச்சை நிபுணர் டாட் மெயின்பிரைஸ்.

ஐந்து நோயாளிகளின் முடிவுகள் 2019இல் வெளியாயின. கட்டி குணமாகிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அல்ல அது. பத்திரமாகத் திறந்து மூட முடிகிறதா என்பதற்கானது. குறிவைத்த இடத்தில் கான்ட்ராஸ்ட் வெளிச்சம் 15 முதல் 50 சதவீதம் கூடியது. ஏறக்குறைய 20 மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் அந்த வெளிச்சம் இல்லை. கதவு தானாகவே சாத்திக்கொண்டிருந்தது.