ஷியா–சன்னி என்று சொல்லிவிட்டால் போதுமா?

ஆலுவாவை அடுத்த நெடும்பாசேரியிலுள்ள கொச்சி விமான நிலையத்தில் வெளிநாட்டு மலையாளிகள் போட்ட பங்குப் பணம் உண்டு. வளைகுடாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப 1999இல் திறந்த அந்த வாசல் வழியாகவே அங்குள்ள போர்களும் கேரளத்துக்குள் வந்தன. 2014 ஜூலை 5 அன்று இராக்கின் திக்ரித்தில் ஐ.எஸ். பிடியில் சிக்கி மீண்ட 46 நர்ஸுகள் எர்பிலிலிருந்து வந்து இறங்கினார்கள். முதல்வர் உம்மன் சாண்டியே நிலையத்துக்குப் போய் வரவேற்றார். மறு ஆண்டு ஏமன் போரிலிருந்து தப்பியவர்கள் விமானப்படை விமானங்களில் கொச்சிக்கும் மும்பைக்கும் வந்தார்கள். இரண்டுக்கும் பத்திரிகைகளில் ஒரே விளக்கம்தான்: ஷியா–சன்னி பகை, ஒரு பக்கம் ஈரான், மறுபக்கம் சவூதி. சொல்ல வசதியான விளக்கம். ஆனால் பாதி உண்மைகூட அதில் இல்லை. இந்தப் போர்கள் உள்ளூர் அரசு நொறுங்கிய இடத்தில், உள்ளூர்க் காரணங்களுக்காக மூண்டவை. வெளியிலிருந்து வரும் பணமும் ஆயுதமும்தான் அவற்றை அணையவிடாமல் வைத்திருக்கின்றன. மதம் ஆள் சேர்க்க உதவுகிறது, அவ்வளவுதான்.

ஏமனின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தால் இது விளங்கும். 1962இல் ராணுவ அதிகாரிகள் அங்கே இமாமின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இமாம் ஸைதி என்ற ஷியா பிரிவைச் சேர்ந்தவர். அவர் பக்கம் நின்று பணமும் ஆயுதமும் கொடுத்தது யார் தெரியுமா? சன்னி சவூதி! எகிப்தின் நாசர் குடியரசுக்காரர்களுக்குப் படை அனுப்பியிருந்தார், பக்கத்து நாட்டில் ஒரு முடி சரிந்தால் தன் முடியும் ஆடும் என்பதுதான் ரியாத்தின் பயம். பின்னால் பல்லாண்டு ஆண்ட அலி அப்துல்லா சாலிஹும் ஸைதிதான். அவரே 2004 முதல் 2010 வரை ஸைதிக் கிளர்ச்சியாளர்களான ஹூதிகளோடு ஆறு முறை போர் நடத்தினார். மக்கள் கிளர்ச்சியில் பதவி போனதும் அதே ஹூதிகளோடு கைகோத்தார். 2014 செப்டம்பரில் தலைநகர் ஸனா அவர்கள் கைக்கு வந்ததற்கு அந்தக் கூட்டும் காரணம். 2017 டிசம்பரில் அவரை அவர்களே கொன்றார்கள். இந்தக் கணக்கை எந்த மதப் பிரிவை வைத்துப் போட்டாலும் விடை வராது.

போரின் நடைமுறை தெரிய வேண்டுமானால் மசூதியைவிடச் சம்பளப் பட்டுவாடாவைப் பார்ப்பது நல்லது. 2016இல், சாலிஹுக்குப் பின் அதிபரான ஹாதியின் சவூதி ஆதரவு பெற்ற அரசு மத்திய வங்கியை ஸனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றியது. ஹூதி பகுதியில் லட்சக்கணக்கான ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள் உள்ளிட்ட அரசு ஊழியர்களின் சம்பளம் நின்றது. ஏடன் அடித்த புதுநோட்டு செல்லாது என்று ஹூதிகள் தடுக்க, ஒரே ரியாலுக்கு ஒரே நாட்டில் இரண்டு மதிப்பு வந்தது. சம்பளமில்லாத ஊரில் துப்பாக்கி தூக்குவதும் ஒரு வேலை ஆகிவிடுகிறது. திக்ரித் நர்ஸுகளில் பலர் போர் நெருங்கியும் கிளம்பத் தயங்கியதற்கும் பணம்தான் காரணம்: சம்பளப் பாக்கி ஒரு பக்கம், ஊரில் வாங்கிய கடன் மறுபக்கம்.

மதத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. திக்ரித்தை ஒட்டிய ஸ்பைக்கர் முகாமில் அதே 2014 ஜூனில் ஐ.எஸ். நூற்றுக்கணக்கான ஷியா பயிற்சி வீரர்களைப் பிரித்தெடுத்துச் சுட்டுக் கொன்றது. யாரைக் கொல்வது என்பதை அங்கே மதப் பிரிவு தீர்மானித்தது. ஆனால் யார் யாரோடு சேர்வது என்பதை அது தீர்மானிப்பதில்லை. 1980 முதல் 88 வரை ஈரானோடு போரிட்ட சதாமின் காலாட்படையில் பெரும்பாலோர் ஷியாக்கள். அந்தப் போரில் அரபு நாடான சிரியா ஈரான் பக்கம் நின்றது. 2017இல் சவூதியும் அமீரகமும் கத்தாரின் வழிகளை அடைத்தபோது மோதியவர்கள் எல்லோரும் சன்னி அரசர்கள். கத்தார் விமானங்களுக்கு வானம் திறந்துவிட்டது ஈரான்.

சரி, ஈரானும் சவூதியும் கைகுலுக்கினால் போர் முடிந்துவிடுமா என்பது அடுத்த கேள்வி. 2023 மார்ச் 10 அன்று பீஜிங்கில் இருவரும் உறவைப் புதுப்பித்தார்கள். அதே ஆண்டு நவம்பரிலேயே ஹூதிகள் காசாவைக் காரணம் காட்டிச் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். ஈரான் தந்த ஆயுதம் அவர்களிடம் உண்டு, என்றாலும் பொத்தானை அமுக்கினால் ஆடும் பொம்மைகள் அல்லர். வெளியிலிருந்து வரும் பணம் நின்றால் போர் சுருங்கும். அணைய வேண்டுமானால் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

இதை டில்லி அனுபவத்தில் புரிந்துகொண்டது என்றே நினைக்கிறேன். 2015 ஏப்ரலில் ஏமனிலிருந்து நாலாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட இந்தியரையும், நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரையும் மீட்டபோது, வானில் பறக்க சவூதியின் அனுமதியும் ஸனாவில் தரையிறங்க ஹூதிகளின் சம்மதமும் தேவைப்பட்டன. இரண்டையும் வாங்கினார்கள். 2016இல் ஏடனில் கடத்தப்பட்ட கேரளப் பாதிரியார் டாம் உழுன்னாலில் பதினெட்டு மாதம் கழித்து விடுதலையானது எல்லாத் தரப்போடும் பேசும் ஓமனின் முயற்சியால். எனவே வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டிடம், அந்த ஊரில் சம்பளம் கொடுப்பது யார், விமான நிலையச் சாலை யார் கையில் என்று முதலில் கேளுங்கள். ஏமன் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் அங்கே போக 2017இலேயே தடை வந்துவிட்டது.