மாசி வெயிலும் தூண்டிலும்

மார்கழிப் பனியில் குளிர்ந்து கிடந்த ஓசூர் முதல் பாரூர் வரையுள்ள ஏரிகளில், மாசி வெயில் ஏற ஏறக் கரையோர ஜலமே முதலில் சூடாவதால், தேக உஷ்ணத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாத மீன்கள் இரை தேடி அங்கே ஒதுங்குகின்றன. ஆலை விடுமுறை நாளில் தொழிலாளி போட்ட மண்புழுவைக் கவ்வித் தக்கையை வெடுக்கென்று அமிழ்த்துவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டையே.

ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு, 1952-இல் இந்தியாவுக்கு வந்த இவ்வினத்தில், ஆண் மீன் சேற்றில் வட்டக் குழி பறிக்க, அதில் இட்ட முட்டைகளைப் பெண் மீன் வாயிலேயே ஏந்திப் பொரித்துக் காப்பதால், சந்ததி அமோகமாகப் பெருகி நாட்டு மீன்களை நெருக்குகிறது.

ஆகவே இதைத் தாராளமாகக் கொண்டுசெல்லுங்கள். விரால் குஞ்சோ நாட்டுக் கெண்டைக் குஞ்சோ அகப்பட்டால், அதன் மேனியின் வழுவழுப்பு அழியாதபடி கையை நனைத்துக்கொண்டு, முள்ளைப் பதமாகக் கழற்றி, மீண்டும் ஜலத்தில் விட்டுவிடுங்கள்.