கயிறு வேண்டாம், காரை எடுங்க!

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தபோது நடந்தது இது. சாலாக் செலாத்தானில் அத்தை வீட்டில் சுத்தம் செய்யும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பின்பக்கக் கால்வாய் ஓரம் கிடந்த பழைய பூச்சாடிகளை அத்தை நகர்த்தினார். “ஐயோ!” என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் கையில் இரண்டு சிறிய ரத்தப் பொட்டுகள். சுவரோரம் ஒரு கறுப்பு நாகம் ஊர்ந்து போனது.

மாமா துணி காயப்போடும் நைலான் கயிற்றை அறுத்து வந்தார். மணிக்கட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டியது நான்தான். எத்தனை தமிழ்ப் படங்களில் பார்த்திருக்கிறோம்! மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் கை வீங்கி நீலம் பாரித்துவிட்டது.

“நல்ல எண்ணத்துலதான் கட்டியிருக்கீங்க. ஆனா கைக்கு ரத்தம் போகாம தடுத்துட்டீங்களே” என்றார் மருத்துவர். வானொலியில் தினமும் ஆயிரம் விஷயம் பேசுகிற எனக்கு அன்று பேச்சே வரவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் காணப்படும் நஞ்சு துப்பும் நாகத்தின் விஷம், கடித்த இடத்துச் சதையையே அழுகச் செய்யக்கூடியது. இறுக்கிக் கட்டினால் விஷம் அங்கேயே தேங்கி, ரத்த ஓட்டமும் நின்று, பாதிப்பு கூடும். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, மஞ்சள் அப்புவது எதுவும் விஷத்தை எடுக்காது. ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால், அதை மருத்துவமனையில் அவிழ்ப்பதே பாதுகாப்பு.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் பாம்பை விட்டு விலகுங்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல், அட்டையோ பலகையோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே காரை எடுங்கள். கண்ணில் விஷம் துப்பியிருந்தால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வலி இல்லையே என்று வீட்டில் இருக்க வேண்டாம். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு திணறும். அதனால்தான் மருத்துவர்கள் 24 மணி நேரமாவது கண்காணிக்கிறார்கள்.

பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை. தள்ளி நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். எந்த மருந்து என்று முடிவு செய்ய அது உதவும். தமிழ்நாட்டில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து தயாராகும் மருந்து, இந்தியப் பாம்புகளுக்கானது. நம் மருத்துவமனைகள் நாகம், கட்டுவிரியன் போன்றவற்றுக்குப் பாங்காக்கில் தயாராகும் முறிமருந்தைப் பயன்படுத்துகின்றன. ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் யோசனைகள் எல்லாம் இங்கே பொருந்தாது.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் பிடிக்கப் போகாதீர்கள். 999-ஐ அழைத்தால் பொம்பா அல்லது பொதுத் தற்காப்புப் படையினர் வருவார்கள். பாம்பு பிடிப்பதில் பெயர் பெற்ற பொம்பா வீரர் அபு சரின் ஹுசின், 2018 மார்ச்சில் பணியின்போது நாகம் கடித்து உயிரிழந்தார். பயிற்சி பெற்றவருக்கே அந்த நிலை என்றால், துடைப்பக்கட்டையோடு போகும் நாம் எம்மாத்திரம்?

அத்தை பிழைத்துவிட்டார். ஆனால் ஒரு விரல் இன்னும் முழுதாக மடங்காது. அது பாம்பால் வந்ததா, நான் கட்டிய கயிற்றால் வந்ததா என்று நான் கேட்கவில்லை. இந்தத் தீபாவளிக்குப் பூச்சாடிகளை நகர்த்தும் முன், உங்கள் வீட்டிலும் இதைப் பேசிவையுங்கள்.