சுட்ட மடிக்கணினியும் ஒரு சொற்றொகுதியும்

சித்திரை மாதத்து நண்பகலில் வெள்ளவத்தையில் அமர்ந்து எழுத முயன்றவர்களுக்கு நான் கூறப்போவது புதிதன்று. ஏப்பிரல் முதல் வாரத்தில் ஞாயிறு கொழும்பின் உச்சிக்கு நேராக நிற்கும். ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது தொடங்காத அந்நாட்களிற் கடலை அடுத்திருக்கும் எமது மாடிவீட்டிலும் திரைச்சீலை அசைவதில்லை. அத்தகைய ஒரு நண்பகலிலே என் மடிக்கணினி திடீரென அணைந்துபோயிற்று.

முன்னறிவிப்பின்றி அணைந்தது என்று கூறுதல் பொருந்தாது. இரண்டு மாதங்களாக அது எனக்கு அறிவித்துக்கொண்டேயிருந்தது. கேட்கும் செவிதான் எனக்கிருக்கவில்லை. அதன் உள்விசிறி ஓயாது இரைந்தது. தட்டிய எழுத்துத் திரையிலே தோன்றச் சிறிது நேரம் பிடித்தது. அடிப்பாகம் மடியில் வைக்கவொண்ணாதபடி சுட்டது. பொறிக்கும் முதுமை உண்டென்று எண்ணி, மடிக்கும் அதற்கும் இடையிலே தலையணையொன்றை வைத்துக்கொண்டேன். மருந்தென்று நான் செய்த அதுவே நோயை வளர்த்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பொறி போனதற்காக நான் வருந்தவில்லை. அதற்குள்ளே ஒரு சொற்றொகுதி இருந்தது. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின் ஏழாண்டுகளாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் முதியோரை நாடிச் சென்று, அவர்கள் வீட்டிலும் சந்தையிலும் துறைமுகத்திலும் வழங்கிய சொற்களைக் கேட்டெழுதி வந்தேன். சொல்லித் தந்தவர்களுட் பலர் இன்று இல்லை. மீண்டும் சென்று கேட்பதற்கு வழியும் இல்லை. அத்தொகுதிக்கு வேறு படி எடுத்து வைத்தேனா என்றால், அதுவும் இல்லை. பிழைகளைத் திருத்திய பின் எடுக்கலாம் என்று ஒத்திவைத்திருந்தேன்.

"அரை மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வையுங்கோ, மாஸ்டர்" என்றார் அயல்வீட்டு நண்பர். நல்லவேளையாக நான் வைக்கவில்லை. கொழும்புக் காற்றில் ஈரம் மிகுதி. குளிர்ந்த சோடாப் போத்தலை வெளியே எடுத்து வைத்தால் அதன் மேல் நீர் துளிர்ப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். போத்தலின் வெளிப்புறத்தே துளிர்க்கும் அந்நீர் கணினியின் உட்புறத்தே துளிர்க்குமாயின், எஞ்சியிருந்த நம்பிக்கையும் போயிருக்கும்.

மறுநாட் காலை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குச் சென்றேன். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே சிறிய அறையொன்றிற் கணினி திருத்துகிறார். பொறியைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்த்தவர், "சேர், இதைக் கட்டிலில வைச்சுத்தானே பாவிக்கிறனீங்கள்?" என்றார். நான் மறுமொழி கூறவில்லை. "பக்கத்தில சாமியறையோ?" என்ற அடுத்த வினாவும் வந்தது. அவர் சோதிடம் பார்க்கவில்லை. காற்று நுழையும் துளைகளில் மெத்தைப் பஞ்சும் சாம்பிராணிப் புகையின் கரியும் அடைந்து கிடந்தன.

மூடியைக் கழற்றியபோது, வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகளின்மேற் கம்பளிபோலத் தூசு படிந்திருந்தது. தகடுகளின் ஓரங்கள் உப்புக் காற்றினால் அரிப்புண்டிருந்தன. மின்கலமும் சற்றே உப்பியிருந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று. உப்பிய இலிதியம் மின்கலத்தைக் குத்தினாலோ மடித்தாலோ தீப்பற்றக்கூடும் என்றும், அதற்கு மேலும் மின்னேற்றலாகாது என்றும் கூறி, முதலில் அதனை மெல்லக் கழற்றி அப்பால் வைத்தார்.

மாணவர் பொருட்டு இதன் இயல்பைச் சற்றே விளக்குவேன். கணினியின் மூளையாகிய சில்லு பெருவிரல் நகத்தளவே இருக்கும். மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் 15 முதல் 45 வாற்று வரை மின்வலு உண்கிறது. உண்டதெல்லாம் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். அவ்வெப்பத்தைச் சுமந்து செல்வது ஒரு செப்புக் குழாய். அதனுள்ளே சிறிதளவு திரவம் உண்டு. சில்லின் அருகே அது ஆவியாகி, மறுமுனையிற் குளிர்ந்து, மீண்டும் திரவமாகித் திரும்பும். சில்லுக்கும் செப்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளிகளைப் பசையொன்று நிரப்பி நிற்கும். அப்பசை உலர்ந்தால் அவ்விடத்தைக் காற்றுப் பிடித்துக்கொள்ளும். காற்றோ வெப்பத்தை எளிதிற் கடத்தாது. சூடு ஏறத்தாழ 100 பாகை செல்சியசை அணுகியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதுவும் போதாதெனின், தன்னைக் காக்கும் பொருட்டு அணைந்துவிடும். என் கணினி செய்ததும் இதுவே.

மனிதருக்கும் பொறிக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. கொழும்பின் புழுக்கம் நம்மை வாட்டுவது, நம் வியர்வை உலர மறுப்பதனால். கணினி வியர்ப்பதில்லை. ஆகவே காற்றின் ஈரம் அதன் குளிர்ச்சியைப் பெரிதும் தடுப்பதில்லை. காற்றின் வெம்மையும் அடைபட்ட வழியுமே அதற்குப் பகை. பெரும்பாலான மடிக்கணினிகள் 35 பாகை வரையுள்ள சூழலுக்கென அமைக்கப்பட்டவை. சாளரம் மூடிய சிறிய அறையொன்று சித்திரையில் அவ்வெல்லையை எளிதில் எட்டிவிடும்.

வெப்பத்தைப் பற்றி இலக்கிய அன்பர்கள் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1961 ஆம் ஆண்டில் உறொல்ப் இலாண்டவர் என்னும் இயற்பியலறிஞர், கணினி ஒரு துணுக்குச் செய்தியை அழிக்கும்போது ஒரு குறித்த அளவு வெப்பத்தையேனும் வெளிவிட்டே தீரவேண்டும் என்று நிறுவினார். 2012 ஆம் ஆண்டிற் பரிசோதனையும் அதனை உறுதிசெய்தது. அவ்வளவு மிக மிகச் சிறியது. நம் கணினிகள் வெளிவிடும் வெப்பம் அதனிலும் பன்மடங்கு பெரிது. ஆயினும் மறத்தலுக்கும் ஒரு விலை உண்டென்று இயற்கையே விதித்திருக்கிறது என்ற எண்ணம், அந்தச் சிறிய அறையிற் காத்திருந்த எனக்கு வேறொரு பொருளையும் தந்தது.

தூசு நீக்கிப் புதுப்பசை இட்டு வேறு மின்கலம் பொருத்தியபின் கணினி விழித்தது. சொற்றொகுதி இருந்தது. முதலில் நான் தேடியது, காலஞ்சென்ற ஒரு மூதாட்டி எனக்குச் சொன்ன கடைசிச் சொல்லை. அதுவும் இருந்தது.

இப்போது கணினியைப் பலகை மேசையின்மேல், பின்புறத்தை ஒரு விரலளவு உயர்த்தி வைக்கிறேன். சாமியறைக்கு எதிர்ப்புறச் சாளரத்தருகே அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஆண்டுக்கொருமுறை உள்ளே துப்புரவு செய்விக்கிறேன். வேண்டாத வேலைகளை மூடிவிடுகிறேன். இவை யாவும் எளியன, செலவும் சிறிது.

ஆனால் இவற்றினும் முதன்மையானது வேறு. செல்லரித்த ஏடுகளைத் தேடித்தேடி 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார் சி. வை. தாமோதரம்பிள்ளை. அச்சேறியதனாற் பல படிகளாகிப் பிழைத்தது அந்நூல். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதிருந்தவையே மீளாமற் போயின. அந்நிகழ்ச்சியை வகுப்பில் எத்தனையோ முறை எடுத்துரைத்து, மாணவரின் கண்கள் கலங்கக் கண்டவன் நான். அப்படியிருந்தும் பிறர் நம்பித் தந்த சொற்களை ஒரே பெட்டிக்குள் வைத்து, அப்பெட்டியைத் தலையணைமேல் வைத்திருந்தேன்.

அன்று மாலையே இரண்டு படிகள் எடுத்தேன். ஒன்று என் மேசையில் இருக்கிறது. மற்றது கொட்டாஞ்சேனையில், அந்த மாணவரின் பொறுப்பில் இருக்கிறது. பிழைகளை இன்னும் திருத்தவில்லை. திருத்துவதற்கு அவை இருக்கின்றன, அது போதும்.