உஷார்! சடங்கு முடிந்ததும் முட்டையை நிறுத்திவிடாதீர்கள்

உங்கள் பெண்ணுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? பல்பம், பச்சரிசி என்று வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறாளா? 'சோம்பேறி' என்று திட்டுவதற்கு முன்னால் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். வெளுப்பு தெரியாவிட்டாலும், இந்த அறிகுறிகள் இருந்தால் போங்கள்.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு அது இருந்தது.

வயதுக்கு வந்ததும் நாட்டுமுட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி என்று தாங்குகிறோம். மஞ்சத்தண்ணி ஊற்றி, பேனர் கட்டி, விருந்து போட்டு முடித்ததும் அந்தக் கவனிப்பு நின்றுபோகிறது. உதிரப்போக்கோ அதற்குப் பிறகுதான் மாதாமாதம் தொடர்கிறது! வடசென்னையில் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வாசலுக்கே மீன் வருகிறது. ஆனாலும் அந்த நாட்களில் 'கவுச்சி ஆகாது' என்று பெண்ணுக்கு மட்டும் மறுக்கிற வீடுகள் உண்டு. எனக்கு இது பெரும் கொடுமையாகப் படுகிறது.

காலை நேரம் இன்னும் மோசம். விடியுமுன் அம்மா காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போய்விட்டால், மகளுக்கு டீயும் பன்னும்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் 1 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. மாதவிடாய் வருவதோ பெரும்பாலும் அதைத் தாண்டிய வயதில். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவில் இருக்கும் இரும்புச்சத்தையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள், அதில் இரும்புச்சத்து சொற்பம். சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி வறுத்துக் கொடுங்கள். முருங்கைக்கீரை, கம்பு சமைத்தால் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், சத்து நன்றாகச் சேரும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பயந்து எறிந்துவிடுகிறார்கள். மலம் கறுப்பது சகஜம். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். ஆனால் ரத்தசோகை என்று உறுதியானால் வாரம் ஒரு மாத்திரை போதாது. எத்தனை நாள், எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் போகிறதா, ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் நனைகிறதா, கட்டி கட்டியாக வருகிறதா என்று மகளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆமாம் என்றால் 'கல்யாணமானா சரியாயிடும்' என்று தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் உறைவதில் கோளாறோ, தைராய்டு கோளாறோ இருக்கலாம். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, தலைசுற்றலும் படபடப்பும் இருந்தாலோ, அன்றைக்கே ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.