திமிங்கிலத்தின் துடுப்பும் காற்றாலையின் இறக்கையும்

சென்னை மாநகரின் வடபகுதியில் உள்ள பெரம்பூர், இரயில் தொழிலால் பெயர்பெற்ற ஊராகும். அங்குள்ள இரயில்பெட்டித் தொழிற்சாலையை 1955ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் இந்தியாவின் முதல் தலைமையமைச்சர் ஜவஹர்லால் நேரு தொடங்கிவைத்தார். அன்று முதல் பல்லாயிரம் பெட்டிகள் அங்கு உருப்பெற்று நாடெங்கும் ஓடியுள்ளன. 2018ஆம் ஆண்டில் ‘வந்தே பாரத்’ வண்டியின் முதல் தொடரும் அங்கேயே உருவாயிற்று.

இரும்புத் தகட்டை வெட்டவும் வளைக்கவும் பற்றவைக்கவும் மின்னாற்றல் மிகுதியாக வேண்டும். அத்தேவையின் ஒரு பகுதியை நிறைவு செய்வதற்காகத் தொழிற்சாலையின் பொருட்டு 2009ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்துக் கஸ்தூரிரெங்கபுரத்தில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றின் மொத்தத் திறன் 10.5 மெகாவாட் ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே தெற்கே வீசும் காற்று, வடக்கே பெரம்பூரில் பெட்டி செய்வதற்குத் துணைநிற்பது வியப்புக்கு உரியது.

காற்று எவ்வாறு வேலை செய்கிறது? காற்றாலையின் இறக்கை, பறவையின் சிறகைப் போன்று ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து செல்லும். தடித்த முன்விளிம்பு காற்றைக் கிழித்துச் செல்ல, காற்று இறக்கையின் இருபுறமும் தழுவி ஓடுகிறது. அவ்வோட்டத்தினால் எழும் தூக்குவிசையே இறக்கையைச் சுழற்றுகிறது. காற்று எந்தச் சாய்வில் இறக்கையைச் சந்திக்கிறது என்பதே இங்கு முதன்மையானது.

இதனை ஓடும் நீரிலும் உணரலாம். வாய்க்கால் நீரில் உள்ளங்கையைத் தட்டையாக, நீரோட்டத்திற்கு இணையாக வைத்துச் சிறிதே சாய்த்தால், நீர் கையை மேல்நோக்கித் தூக்கும். சாய்வை மேலும் மிகுத்தால் தூக்குதலும் மிகும். ஆனால், ஓர் எல்லையைக் கடந்ததும் நிலைமை மாறிவிடும். கையின் பின்புறத்தே நீர் குழம்பிச் சுழலும். தூக்கும் விசை தளரும். கை பின்னோக்கி இழுக்கப்படும்.

காற்றாலையின் இறக்கைக்கும் இத்தொல்லை உண்டு. காற்று திடீரென வலுத்தாலும் திசை மாறினாலும் சாய்வு மிகுந்துவிடுகிறது. அப்போது இறக்கையின் முதுகைத் தழுவி ஓடிய காற்று, அதனை விட்டுப் பிரிந்து சிதறுகிறது. தூக்குவிசை குன்றுகிறது. இழுப்புவிசை ஓங்குகிறது. இறக்கை அதிர்கிறது. மின்னாக்கமும் குறைகிறது. விமானத்திற்கு இந்நிலை நேர்ந்தால் அது உயரத்தை இழக்கும். ஆகவே, காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரியும் அந்நிலையைத் தள்ளிப்போடுவது எவ்வாறு என்பது பொறியாளர்களின் நெடுநாளைய கவலையாக இருந்துவருகிறது.

இதே இடர்ப்பாட்டைக் கடலில் சந்திக்கும் உயிர்கள் உண்டு. இராயபுரத்திலும் எண்ணூரிலும் கடலுக்குச் செல்லும் மீனவர்கள் படகைத் திருப்பத் துடுப்பைப் பயன்படுத்துவர். கடல்வாழ் உயிர்கள் நீந்தத் துணைசெய்யும் உறுப்புக்கும் தமிழில் துடுப்பு என்றே பெயர். மரத்தால் ஆனதற்கும் தசையால் ஆனதற்கும் ஒரே பெயர் அமைந்தது பொருத்தமே. இரண்டும் செய்வது ஒரே தொழில்.

ஓங்கில் என்று வழங்கும் டால்பினும் திமிங்கிலமும் மீன்கள் அல்ல. அவை நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் உயிர்கள். அவற்றின் முன்துடுப்பு, உண்மையில் உருமாறிய கையேயாகும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. திமிங்கிலத்தின் துடுப்பினுள் மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், விரல் எலும்புகள் ஆகியவை முறையே அமைந்திருக்கும். வாலை மேலும் கீழும் அசைத்து முன்னேறும் இவ்வுயிர்கள், முன்துடுப்புகளைக் கொண்டே திரும்புகின்றன, சமநிலை காக்கின்றன. டால்பினின் துடுப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், முன்புறம் உருண்டு பின்புறம் கூர்ந்த வடிவம் புலப்படும். விமானச் சிறகின் வடிவமும் அதுவேயன்றோ!

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் துடுப்போ, இப்பொது அமைப்பினின்று வேறுபட்டது. ஏறத்தாழ 15 மீட்டர் நீளமும் 30 டன் எடையும் கொண்ட அவ்விலங்கின் துடுப்பு, உடலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குவரை நீண்டிருக்கும். ‘பெருஞ்சிறகு’ எனப் பொருள்படும் மெகாப்டெரா என்னும் அறிவியற்பெயர் அதற்கு அமைந்ததும் இக்காரணம் பற்றியே. அத்துடுப்பின் முன்விளிம்பு வழவழப்பாக இராது. பாகற்காயின் தோலைப் போல, புடைப்புகள் வரிசையாக எழுந்து நிற்கும். இவ்வினத்தின் கூட்டம் ஒன்று அரபிக்கடலை விட்டு நீங்காமல் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கிறது.

இத்திமிங்கிலம் இரை தேடும் முறையும் விந்தையானது. மீன்கூட்டத்தின் கீழே வட்டமிட்டவாறு மூச்சுக் குமிழிகளை வெளிவிடும். குமிழிகள் மேலெழுந்து வலைபோல் மீன்களைச் சூழ்ந்துகொள்ளும். அவை நடுவே ஒடுங்கியதும், திமிங்கிலம் வாயைத் திறந்துகொண்டு மேல்நோக்கிப் பாயும். இதற்குச் சிறிய வட்டத்திற்குள் விரைந்து திரும்புதல் வேண்டும். அவ்வாறு திரும்பும்போது துடுப்பு மிகுந்த சாய்வில் நீரைச் சந்திக்கும். நீரோட்டம் துடுப்பைவிட்டுப் பிரிந்துவிட்டால் வட்டம் விரிந்துபோகும்; இரையும் தப்பிவிடும்.

அமெரிக்க நாட்டில் பிராங்க் ஃபிஷ் என்னும் உயிரியல் அறிஞர் இருக்கிறார். மீன் என்று பொருள்படும் குடும்பப் பெயருடைய அவர், நீந்தும் உயிர்களைப் பற்றி ஆராய்வதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர். 1980களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரத்துக் கடை ஒன்றில் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் சிற்பத்தைக் கண்டார். துடுப்பின் முன்விளிம்பில் புடைப்புகள் செதுக்கப்பட்டிருந்தன. நீரைக் கிழிக்கும் விளிம்பு வழவழப்பாக இருப்பதே நன்று என்பது அந்நாளில் அறிஞர் பலரின் துணிபு. எனவே, சிற்பி பிழை செய்துவிட்டார் என்று அவர் கருதினார். சிற்பி திமிங்கிலங்களை நன்கு அறிந்தவர், புடைப்புகள் இருக்கும் இடம் அதுவே என்று கடையிலிருந்தவர் தெரிவித்தார்.

பிழை சிற்பத்தில் இல்லை என்றால், குறை தம் கருத்தில்தான் இருத்தல் வேண்டும் என்பதை உணர்ந்த ஃபிஷ், அவ்வினாவை விடாது பற்றிக்கொண்டார். பின்னர், கரையொதுங்கி இறந்த திமிங்கிலம் ஒன்றின் துடுப்பைப் பெற்று, அதனைத் துண்டு துண்டாக அறுத்து அளந்தார். அந்த ஆய்வு 1995ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அளந்தறிந்ததைச் சோதித்தறிதலும் வேண்டுமன்றோ? அவரும் பொறியாளர் சிலரும் கூடித் துடுப்பின் சிறு உருவங்கள் இரண்டைச் செய்தனர். ஒன்றின் விளிம்பு வழவழப்பானது; மற்றொன்று புடைப்புகளை உடையது. இரண்டும் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டன. நீரும் காற்றும் பாயும் தன்மையன. ஆதலின், தக்க கணக்கீடுகளுடன் ஒன்றில் செய்த சோதனையை மற்றொன்றுக்கும் பொருத்தலாம். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு அறிஞர் உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. புடைப்புடைய துடுப்பில், ஓட்டம் பிரியும் சாய்வு ஏறத்தாழ 40 விழுக்காடு தள்ளிப்போயிற்று. தூக்குவிசை மிகுந்தது, இழுப்புவிசை குறைந்தது.

இதன் காரணம் எளிதில் விளங்குவதே. இரு புடைப்புகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் புகும் நீர், சிறுசிறு சுழல்களாகத் திரண்டு துடுப்பின் முதுகின்மேல் ஓடுகிறது. துடுப்பை ஒட்டி ஓடும் நீர் வேகம் குன்றிப் பிரிந்துபோகும் தறுவாயில், இச்சுழல்கள் மேலே விரைந்தோடும் நீரைக் கீழே கொணர்ந்து கலக்கின்றன. சோர்ந்த ஓட்டம் ஊக்கம் பெற்று, துடுப்பைத் தழுவியே செல்கிறது. ஓரிடத்தில் ஓட்டம் பிரிந்தாலும், அது துடுப்பு முழுவதும் ஒருசேரப் பரவுவதில்லை.

இவ்வறிவு விரைவில் தொழிலுக்கு வந்தது. புடைப்புடைய இறக்கைகளைக் கொண்ட பெரிய கூரை விசிறிகள் கனடா நாட்டில் செய்யப்பட்டன. காற்றாலைகளுக்கும் இம்முறையைப் பொருத்திப் பார்த்தனர். நீரேற்றிகள், கப்பலின் சுக்கான் ஆகியவற்றிலும் ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், உயிர்களின் துடுப்பைப் போல அசையும் தகடுகளால் கப்பல் மாதிரிகளைச் செலுத்தும் சோதனைகள் செய்யப்பட்டுள்ளன.

எனினும், புடைப்பு எங்கும் நன்மையே செய்யும் என்று கொள்ளுதல் தவறாகும். வேறு அறிஞர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. ஓட்டம் பிரிந்தபின், புடைப்புடைய இறக்கை வழவழப்பான இறக்கையைவிட 50 விழுக்காடுவரை மிகுந்த தூக்குவிசையைத் தந்தது. ஆயினும், ஓட்டம் பிரியுமுன் அதன் தூக்குவிசை குறைந்து, இழுப்புவிசை மிகுந்தது. அவர்கள் சோதித்த உருவம் முழுத் துடுப்பின் வடிவம் அன்று. நுனிவரை ஒரே அகலமுடைய தகடு. வடிவம் மாறினால் விளைவும் மாறும் என்பது இதனால் பெறப்படுகிறது. டால்பினின் துடுப்பு வழவழப்பாகவே இருப்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஒவ்வோர் உயிரின் உறுப்பும் அதன் வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்தது. நேராக விரைந்து பறக்கும் விமானத்தின் தேவை வேறு. வட்டமிட்டுத் திரும்பும் திமிங்கிலத்தின் தேவை வேறு. அதனாலேயே, பெரும்பான்மையான காற்றாலைகளின் இறக்கைகள் இன்றும் வழவழப்பான விளிம்புடனே செய்யப்படுகின்றன. இயற்கையைப் பார்த்துப் படியெடுப்பது எளிது. காரணத்தை ஆராய்ந்து, தகுந்த இடத்தில் பொருத்துவதே பொறியாளரின் கடமை.

இவ்வளவு அறிவை வழங்கிய விலங்கு, மக்களின் பேராசையால் உலகைவிட்டே மறையும் நிலையில் இருந்தது. எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பெருவாரியாகக் கொல்லப்பட்டன. 1966ஆம் ஆண்டில் அவற்றுக்கு அனைத்துலகப் பாதுகாப்பு கிடைத்தது. 1986 முதல் வணிகத்தின் பொருட்டுத் திமிங்கில வேட்டையாடுவது அனைத்துலக உடன்பாட்டால் நிறுத்தப்பட்டது. இந்தியாவிலும் திமிங்கிலங்களும் டால்பின்களும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவ்வினம் அன்றே அழிந்திருந்தால், பாஸ்டன் கடையில் அச்சிற்பமும் இருந்திராது. அறுத்து அளக்க ஒரு துடுப்பும் கிடைத்திராது. ஓர் உயிரினம் அழியும்போது, அது கற்பிக்கக்கூடிய பாடமும் அதனுடன் மறைந்துவிடுகிறது.

பெரம்பூர்த் தொழிற்சாலைக்குக் காற்றைக் கொண்டு மின்னாற்றல் ஆக்கும் முயற்சி இனியும் வளர வேண்டியது. வீசும் காற்றிலிருந்து இன்னும் சற்று மிகுதியான ஆற்றலைப் பெறும் வழியை நாளைய பொறியாளர் காணக்கூடும். அவ்வழி, இன்று குறையென்று தள்ளப்படும் ஏதோ ஒன்றில் மறைந்திருத்தலும் கூடும். சிற்பத்தில் பிழை கண்டதாக எண்ணிய அறிஞர், தம் எண்ணத்தையே மீண்டும் ஆராய்ந்ததால் அன்றோ உலகம் பயன்பெற்றது! அந்த மனப்பாங்கு, இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கும் உரியதாகும்.