‘ஒரே மாதிரி’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி இணைக்க வேண்டியிருக்கிறது. வேலைக்கு மனுச் செய்யும் வாலிபர்களுக்கும் அதே நிலைதான். இவர்களில் பலர் தடுமாறுகிற ஓர் இடத்தைப் பற்றி இங்கே பார்ப்போம்.

தமிழில் ‘ஒரே மாதிரி’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மார்க் ஒரே மாதிரி, சாப்பாடு ஒரே மாதிரி, வலி ஒரே மாதிரி, இரட்டைப் பிள்ளைகள் ஒரே மாதிரி. அது பாராட்டா, சலிப்பா, வெறும் தகவலா என்பதைக் கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பாராட்டு குறையாக மாறிவிடும்.

பாராட்டும் சொல், குறை கூறும் சொல்

மூன்று வருடமும் மதிப்பெண் குறையாமல் வாங்கிய மாணவி அதைச் சொல்ல நினைத்து, அகராதியைப் பார்த்து ‘மோனோடனஸ்’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? கிரேக்க மொழியில் ‘ஒற்றை’, ‘தொனி’ என்ற இரண்டு சொற்களிலிருந்து வந்தது அது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே தொனியில் பேசினால் கேட்பவருக்குத் தூக்கம் வருமல்லவா, அந்தச் சலிப்பைக் குறிக்கும் சொல். அந்த மாணவி எழுத வேண்டியது ‘கன்சிஸ்டன்ட்’. தரம் மாறாமல், நம்பும்படி இருக்கிறது என்று பொருள்.

தந்தைக்கு மாதம் தவறாமல் ஒரே அளவில் வரும் வருமானம் ‘ஸ்டெடி’. கோபதாபம் இல்லாமல் ஒரே நிதானமாக இருப்பவரின் சுபாவம் ‘ஈவன்’. இவை நல்ல சொற்கள். ‘டல்’, ‘ஹம்ட்ரம்’ இரண்டும் சுவாரசியம் இல்லை என்று குறை கூறும் சொற்கள். கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் ‘ரிபெடிடிவ்’ என்று எழுதியிருந்தால், சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறாய் என்று அர்த்தம்.

சில சொற்கள் இடத்துக்குத் தகுந்தபடி மாறும். விருந்துச் சாப்பாட்டை ‘ப்ளாண்ட்’ என்றால் சப்பென்று இருக்கிறது என்ற குறை. வயிற்றுப் புண் உள்ளவருக்கு டாக்டர் ‘ப்ளாண்ட் டயட்’ என்றால் காரம், மசாலா சேர்க்காத உணவு என்ற ஆலோசனை.

ஆஸ்பத்திரியில் கேட்கும் சொற்கள்

இங்கே மூன்று சொற்களைத் தெரிந்திருப்பது அவசியம். ‘ரொட்டீன் டெஸ்ட்’ என்றால் வழக்கமாக எல்லோருக்கும் எடுக்கும் பரிசோதனை. அதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

‘ஸ்டேபிள்’ என்ற சொல்லைப் பலர் ‘குணமாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோயாளியின் நிலை இப்போதைக்கு மாறாமல் இருக்கிறது, மோசமாகவில்லை என்பதுதான் அதன் பொருள். கவலைக்கிடமான நிலையில் இருப்பவரையும் ‘கிரிட்டிகல், பட் ஸ்டேபிள்’ என்று சொல்வதுண்டு. எனவே அந்தச் சொல்லை மட்டும் கேட்டு நிம்மதியாக ஊருக்குக் கிளம்பிவிடாமல், ‘ஆபத்து நீங்கிவிட்டதா?’ என்று தெளிவாகக் கேளுங்கள்.

மூன்றாவது ‘கான்ஸ்டன்ட்’. வலி கான்ஸ்டன்டா என்று டாக்டர் கேட்டால், விடாமல் இருக்கிறதா என்று கேட்கிறார். விட்டுவிட்டு வரும் வலி ‘இன்டர்மிட்டன்ட்’, அடிக்கடி வருவது ‘ஃப்ரீக்வென்ட்’. நோயைக் கண்டறிய இந்த வித்தியாசம் டாக்டருக்கு முக்கியம். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே விளக்கமாகச் சொல்வது மேல்.

படிவத்தில் பெயர்

‘சிமிலர்’ என்றால் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பது. ‘ஐடென்டிகல்’ என்றால் எள்ளளவும் வித்தியாசம் இல்லாதது. ‘சேம்’ என்பது பல நேரம் இரண்டல்ல, ஒன்றேதான் என்று சொல்லும். நாம் பேச்சில் சொல்லும் ‘சேம் டு சேம்’ நம் நாட்டு வழக்கு. எழுத்தில் வேண்டாம்.

இந்த வித்தியாசம் நம் வீடுகளில் அதிகம் தொல்லை தருவது பெயர்களில்தான். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஓ’வா ‘யூ’வா, ஒரு ‘எம்’மா இரண்டா, கடைசி எழுத்துக்கு முன் ‘ஏ’யா ‘இ’யா என்று ஆளுக்கொரு விதம். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றிருந்தால் அவை சிமிலர்தான், ஐடென்டிகல் அல்ல. அதிகாரிகள் எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்கள். அப்போதுதான் இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்க அலைய வேண்டிவரும். அதில் எழுதுவது ‘ஒன் அண்ட் தி சேம் பர்சன்’. பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே எழுத்தைச் சரிபார்த்து, பிறகு எல்லா ஆவணத்திலும் அதையே பின்பற்றினால் இந்த அலைச்சல் மிச்சம்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களும் பாறையைக் குடைந்து செதுக்கியவை. அவற்றை ‘மோனோலிதிக்’ என்பார்கள், அதாவது ஒற்றைக் கல்லாலானவை. கல்லுக்கு அது பெருமை. ஒரு சமுதாயத்தை மோனோலிதிக் என்றால், அவர்களில் மொழி, தொழில், கருத்து என எந்த வேறுபாடும் இல்லை என்று சொல்வதாகும். எந்தச் சமுதாயத்துக்கும் அது பொருந்தாது.

‘ஸ்டீரியோடைப்’ அச்சகத்திலிருந்து வந்த சொல். கோத்த எழுத்துகளை அச்சில் எடுத்து, ஈயக் கலவையை வார்த்து, முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக்குவார்கள். அந்தத் தகட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஒரே பக்கம் வரும். அமெரிக்க எழுத்தாளர் வால்டர் லிப்மன் 1922இல் வெளியிட்ட ‘பப்ளிக் ஒப்பீனியன்’ நூலில், மற்றவர்களைப் பற்றி நம் மனதில் ஏற்கனவே வார்த்து வைத்திருக்கும் படத்துக்கு இந்தச் சொல்லை ஆண்டார். இன்று அந்தப் பொருளே நிலைத்துவிட்டது. தேய்ந்துபோன சொற்றொடரைக் குறிக்கும் ‘க்ளிஷே’வும் பிரெஞ்சுக்காரர்கள் அதே அச்சுத் தகட்டுக்கு வைத்த பெயர்தான். நம்மைப் பற்றி அப்படி எழுதினால் நமக்கு வலிக்கிறது. பிறரைப் பற்றி நாம் எழுதும்போதும் அது நினைவில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளே, ‘ஒரே மாதிரி’ என்று ஆங்கிலத்தில் எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பாராட்டுகிறேனா, குறை சொல்கிறேனா, தகவல் மட்டும் தருகிறேனா? பதில் தெரிந்தால் சரியான சொல் கிடைத்துவிடும், இன்ஷா அல்லாஹ். சந்தேகம் இருந்தால் விண்ணப்பத்தை அனுப்புமுன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.